சார்ந்திருப்போர் எத்தனை பேர்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இதை உன் டிரைவிங் ஸ்கூல் முகவரிக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் தபாலை வாங்குவது அப்பாதான். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, உறையைப் பிரித்து, நீ வேலை முடிந்து வருவதற்குள் பாப்பாவுக்குப் படித்தும் காட்டிவிடுவார். போனிலும் பேச முடியவில்லை. உன் இரண்டு அறை வீட்டில் எந்த மூலைக்குப் போய்ப் பேசினாலும் அவர் காதில் விழும். தவிர, போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முழுதாகப் பேச விடுவதில்லை. போன மாதம் 'வீடு' என்று ஆரம்பித்ததுமே, "வண்டி ஓட்டிட்டிருக்கேன், வை" என்றாய். ஞாயிற்றுக்கிழமை டிரைவிங் ஸ்கூலே கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வீடு பார்த்திருக்கிறோம். மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை, பின்பக்கம் ஒரு சின்ன அறை. காலையில் ஹாலில் வெயில் விழுகிறது. வெயில் விழுகிறதா என்றுதான் நான் முதலில் பார்த்தேன். இப்போதிருக்கும் தரைத்தளத்தில் சுவர் எப்போதும் ஈரம். பெரியவனுக்கு மூச்சு இழுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மருந்து எழுதிய டாக்டரே கடைசியில், "வீட்டை மாத்துங்க சார், நான் எழுதறதுல பாதி தேவைப்படாது" என்று சொல்லிவிட்டார்.

விலை நாற்பது லட்சம். எங்களிடம் எட்டு இருக்கிறது. மிச்சம் முப்பத்திரண்டு லட்சத்துக்கு லோன். மாதத் தவணை இருபத்தேழாயிரத்து எழுநூறு. இதற்கு எவ்வளவு சம்பளம் வேண்டும் என்று பேங்க்கில் லோன் பார்க்கும் பையன் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினான். கைக்கு வரும் சம்பளத்தில், நம்மைச் சார்ந்திருப்பவர் ஒருவருக்கு ஐயாயிரம் வீதம் முதலில் கழித்துவிடுவார்களாம். மிச்சத்தில் பாதிக்கு மேல் தவணை போகக்கூடாதாம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், பத்தாயிரம். அப்படியென்றால் அறுபத்தையாயிரத்து நானூறு வேண்டும். லிஃப்ட் கம்பெனியில் எனக்குத் தருவதும், இவள் நர்சரி ஸ்கூலில் வாங்குவதும் சேர்ந்து அறுபத்தேழாயிரம். போதும்.

அப்பாவையும் சேர்த்தால் எழுபதாயிரத்து நானூறு வேண்டும். போதாது.

அந்தப் பையன் பேனாவை வைத்துவிட்டு, "அப்பா உங்ககூடவா இருக்கார்?" என்று கேட்டான். அக்காவிடம் இருக்கிறார் என்றேன். அப்படியானால் அவர் உன் ஆதரவில் இருப்பதாக நீ எழுதிக் கொடுத்தால் நல்லது என்கிறான். ஒரு வரிதான் அக்கா. 'எங்கள் தந்தை என் பொறுப்பில் இருக்கிறார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உண்மையும் அதுதானே.

பாப்பா பரீட்சைக்கு ஒழுங்காகப் படிக்கிறாளா?

தம்பி

—

மார்ச் 9

தம்பிக்கு,

'அன்புள்ள' போடவில்லை, கவனித்துக்கொள்.

உன் கடிதத்தைக் காரிலேயே உட்கார்ந்து படித்தேன். பக்கத்தில் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மா, பாவம், என் முகத்தைப் பார்த்துப் பயந்து பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே இல்லை. ஒரு வரியாம். எவ்வளவு சுலபமாகக் கேட்கிறாய். அம்மா போனபோது நாம் என்ன பேசினோம்? ஆளுக்கு ஆறு மாதம் என்று பேசினோம். முதல் ஆறு மாதம் என்னிடம். மூன்று வருடமாக அந்த முதல் ஆறு மாதம் முடியவே இல்லை. ஒரு தடவை பெரியவனுக்கு உடம்பு சரியில்லை, ஒரு தடவை உன் வீட்டுக்காரிக்கு வேலை மாற்றம், ஒரு தடவை வீட்டில் இடமில்லை. எல்லாம் நிஜமான காரணம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பாவை நைசாக என் தலையில் கட்டிவிட்டு, அதற்கு ரசீதும் கேட்கிறாய் பார், அதுதான் வயிற்றெரிச்சல்.

நீ ஒருவன்தான் வீடு வாங்க நினைக்கிறாய் என்று யார் சொன்னது?

எங்கள் வீட்டுக்கார அம்மா இந்த மாடியை விற்கப் போகிறாள். மகளோடு போய் இருக்கப் போகிறாளாம். பன்னிரண்டு வருடம் வாடகைக்கு இருந்தவள் என்று என்னிடம் முதலில் கேட்டாள். இருபத்தைந்து லட்சம், இரண்டு மாதம் டைம். பாப்பாவின் அப்பா விபத்தில் போனபோது வந்த பணத்தில் ஐந்து லட்சம் தொடாமல் வைத்திருக்கிறேன். மிச்சம் இருபதுக்கு லோன். என் வயதுக்குப் பதினைந்து வருடம்தான் தருவார்களாம், அதனால் தவணை பத்தொன்பதாயிரத்து எழுநூறு. கணக்கு உனக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதே. பாப்பாவுக்கு ஐயாயிரம் கழித்து, எனக்கு வேண்டிய சம்பளம் நாற்பத்து நாலாயிரத்து நானூறு. என் சம்பளம் முப்பத்தாறு. லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தால் வரும் கமிஷன் பதினெட்டு. கமிஷனில் பாதியைத்தான் பேங்க் சம்பளமாக எடுத்துக்கொள்ளும். ஆக நாற்பத்தையாயிரம். அறுநூறு ரூபாய் தேறுகிறது. அந்த அறுநூறைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை.

அப்பாவைச் சேர்த்தால் எனக்கும் ஐயாயிரம் போய்விடும். நாலாயிரத்து நானூறு துண்டு விழும்.

அதனால் உன் ஒரு வரியை என்னால் எழுத முடியாது. நான் போன மாதமே படிவத்தைக் கொடுத்துவிட்டேன். 'சார்ந்திருப்போர் எத்தனை பேர்' என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினேன். அந்த ஒன்று பாப்பா. அப்பாவைப் பற்றிக் கேட்டாள் அங்கிருந்த பெண். மகனிடம் இருக்கிறார் என்று சொன்னேன். காகிதத்தில் அவர் உன் வீட்டில்தான் இருக்கிறார், பார்த்துக்கொள்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நீ ஆரம்பித்தாய்.

அக்கா

—

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இவளிடம் காட்டியிருக்கக் கூடாது. காட்டிவிட்டேன். "அண்ணிக்கு நம்ம மேல இவ்வளவு கோபம் இருக்கும்னு நினைக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவ வேண்டிய பாத்திரம் எதுவும் இல்லை.

நீயும் வீடு வாங்குகிறாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் பூசி மெழுக விரும்பவில்லை. தெரிந்திருந்தாலும் கேட்டிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. பெரியவன் அந்த மாதிரி இழுக்கிறான் அக்கா. அவன் நெஞ்சு உள்ளே போய் வருவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் எதையும் கேட்பான்.

நீ எழுதித் தர வேண்டாம். லோன் பையன் வாய்வார்த்தையாகச் சொன்னதே போதும் என்று போட்டுக்கொண்டான். அதனால் உன் பேங்க்கில் அப்பா என்னிடம் இருக்கிறார், என் பேங்க்கில் அப்பா உன்னிடம் இருக்கிறார். நேற்று ஒரு ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. மேலே மெஷின் ரூமில் உட்கார்ந்து வேலை பார்க்கும்போது இதுதான் மண்டையில் ஓடியது. வேலையில் கவனம் இல்லை என்று கூட வந்தவன் திட்டினான்.

ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். படிவம் கொடுத்தால் முடிந்தது என்று இருக்காதே. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பார்ப்பார்கள். சொல்லாமல் வருவார்கள். யார் யார் இருக்கிறார்கள், எத்தனை கட்டில், என்று எல்லாம் கேட்பார்களாம். அந்த நேரத்தில் அப்பா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வாய்? அவரிடம் முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லி வை. முடியாவிட்டால் இரண்டு வாரத்துக்கு இங்கே அனுப்பு. ஹாலில் இடம் பண்ணிக்கொள்கிறோம்.

உன் வீடு அமைய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். நீ நம்புவாயோ மாட்டாயோ.

தம்பி

—

மார்ச் 28

தம்பி,

அப்பா நேற்று அங்கே வந்து சேர்ந்திருப்பார். அவர் எப்படி அங்கே வந்தார் என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்ல மாட்டார்.

நீ எழுதியதைப் படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். பக்குவமெல்லாம் எனக்கு வராது, உனக்குத் தெரியும். "அப்பா, பேங்க்ல இருந்து ஆள் வந்தா நீங்க கொஞ்சம் வெளியே போயிருங்க" என்றேன். "ஏன்?" என்றார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், உன் கணக்கையும் சேர்த்து. "ஐயாயிரமா?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா, ஒரு ஆளுக்கு" என்றேன். "நான் அவ்வளவு சாப்பிடறதில்லையே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அவ்வளவுதான் பேச்சு.

செவ்வாய்க்கிழமை ஆள் வந்துவிட்டான். நான் வேலையில் இருந்தேன், பாப்பா ஸ்கூலில். கதவைத் திறந்தது அப்பாதான். வெளியே எங்கே போவது. மாலையில் அவரே சொன்னார், என்ன நடந்தது என்று. "நான் கெஸ்ட் சார். பையன் வீட்ல இருக்கேன். பேத்தியைப் பார்க்க வந்தேன். வெள்ளிக்கிழமை கிளம்பறேன்" என்று சொன்னாராம். வந்தவன் உள்ளே சுற்றிப் பார்த்தானாம். கட்டிலைப் பார்த்தானாம், அலமாரியைத் திறந்து பார்த்தானாம். அலமாரியில் அப்பாவுடைய பொருள் ஒன்றும் இல்லை. மாத்திரை, சட்டை, ஷேவிங் சாமான், அம்மா போட்டோ, எல்லாவற்றையும் அவர் முந்தின நாளே எடுத்து ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறார். என்னிடம் சொல்லாமல். அந்த ஆளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு, "டம்ளர் எங்க இருக்குன்னு தெரியலை, இருங்க பார்க்கறேன்" என்று சமையலறையில் போய்த் தேடினாராம். "நல்லா நடிச்சேனா?" என்று கேட்டு அவர் சிரிக்க, பாப்பா விழுந்து விழுந்து சிரித்தாள். நான்கூட அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேலை முடிந்தது என்ற நிம்மதி.

மறுநாள் காலையில் டீ கொடுத்தேன். "ரொம்ப தேங்க்ஸ்மா" என்றார்.

விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். அப்புறம் பார்த்தால், ஃபேன் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார். டிவி பார்த்தால் பாப்பா படிப்புக்கு இடைஞ்சலாக இருக்குமா என்று கேட்கிறார். சாப்பாட்டில் இரண்டாம் தடவை போடப் போனால் தட்டின் மேல் கையை வைத்து மறைக்கிறார். பையிலிருந்து சாமானை எடுத்துத் திரும்ப அலமாரியில் வைக்கவே இல்லை. "என்னப்பா இது, அவன்தான் வந்துட்டுப் போயாச்சே" என்று சத்தம் போட்டேன். "இல்லம்மா, சும்மாதான்" என்றார். நாற்பது வருடம் பிளம்பராக அடுத்தவர் வீட்டுக்குள் போய் வேலை செய்தவர் அவர். அடுத்தவர் வீட்டில் எங்கே நிற்க வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். அதை என் வீட்டில் செய்து காட்டுவார் என்று நான் நினைக்கவில்லை.

வியாழக்கிழமை பார்த்தால் பஸ் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறார். "வெள்ளிக்கிழமை கிளம்பறேன்னு அந்த ஆள்கிட்ட சொன்னேனே. திரும்பி வந்து பார்த்தான்னா உனக்குத்தான் கஷ்டம்" என்கிறார். போகாதீர்கள் என்றேன். கெஞ்சினேன். போய்விட்டார். பஸ் ஸ்டாண்டுக்கு நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றதற்கும், "உனக்கு எதுக்கும்மா சிரமம்" என்றார்.

அவரை நன்றாகப் பார்த்துக்கொள். வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

அக்கா

—

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பா செவ்வாய்க்கிழமை இரவு பஸ்ஸில் அங்கே கிளம்பினார். நேற்றே வந்து சேர்ந்திருக்க வேண்டும். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லச் சொல். அவர் போன் அணைந்து கிடக்கிறது.

நீ எழுதியபோது மிகைப்படுத்துகிறாய் என்று நினைத்தேன். உனக்குக் கோபம் வந்தால் எல்லாம் இரண்டு மடங்காகத் தெரியும். ஆனால் வந்த அன்றே பார்த்துவிட்டேன். பிள்ளைகளுக்குப் பிஸ்கட்டும் ஆப்பிளும் வாங்கி வந்திருந்தார். பையைச் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். காலையில் நாங்கள் எழுந்திருப்பதற்குள் போர்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் இவளிடம், "எத்தனை நாள்மா சௌகரியப்படும் உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார். இவள் சமையலறைக்குள் போய் அழுதாள். என்னிடம் வந்து, "நீங்க ஏதாவது சொன்னீங்களா அவர்கிட்ட?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நிஜமாகவே ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவரே கேட்டார், "உன் பேங்க் ஆள் எப்பப்பா வர்றான்?" என்று. இந்த வாரம் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்றேன். "அப்ப நாளைக்குக் கிளம்பிடறேன்" என்றார்.

அக்கா, இதை எப்படி எழுதுவது. 'இருங்கப்பா' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பெரியவன் அப்போது ஹாலில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தான், மூச்சு விசில் அடித்த மாதிரி கேட்டது. நான் சொல்லவில்லை. "டிக்கெட் நான் போட்டுத் தரேன்ப்பா" என்றுதான் சொன்னேன். பஸ்ஸில் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

இன்றைக்குக் காலையில் பேங்க் ஆள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டான். ஐந்து நிமிஷம்கூட இருக்கவில்லை. லோன் வந்துவிடும் என்கிறார்கள்.

அப்பா வந்து சேர்ந்தாரா?

தம்பி

—

ஏப்ரல் 12

தம்பி,

நீ எழுதியது கிடைப்பதற்கு முன்பே நீ போனில் பதறிவிட்டாய், நானும் உன்னைக் கண்டபடி பேசிவிட்டேன். ஆள் கிடைத்துவிட்டார் என்று அன்றைக்குச் சொன்னதோடு வைத்துவிட்டேன். மிச்சத்தை இப்போது எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவராகவே வந்தார். அதுவரைக்கும் இந்த ஊரில்தான் இருந்திருக்கிறார். புதன்கிழமை காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பைப் கடை வைத்திருக்கிறாரே, அவருடைய பழைய கூட்டாளி, அங்கே போயிருக்கிறார். பகலில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி கடைக்குள்ளேயே, பைப் அடுக்கியிருக்கும் இடத்தில் அட்டை விரித்துப் படுத்திருக்கிறார். பஸ் ஸ்டாண்டிலிருந்து என் வீட்டுக்கு நடந்தே வந்துவிடலாம்.

ஏன்ப்பா இப்படி என்று கேட்டேன். அவர் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். "உன் லோன் இன்னும் கைக்கு வரலை. அவனுக்கு ஆள் வர்ற நேரம். ரெண்டு வீட்லயும் நான் இருக்கக்கூடாதேம்மா. அதான் நடுவுல ரெண்டு நாள் அங்க இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. ஒரு வேலையை எப்படி முடித்தேன் என்று சொல்வது மாதிரி சொன்னார். உன்னைக் குறை சொல்லி எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. முதலில் அவரை வெளியே போகச் சொன்னது நான்தான்.

பேங்க்கிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். லோன் சரியாகிவிட்டதாம். அடுத்த வாரம் வந்து கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். பாப்பா சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்று அவள் சிநேகிதியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் பன்னிரண்டு வருடமாக ஒரு ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் கீழே போய்க் கேட்டுவிட்டு வந்தவள் நான். இது என்னுடையது என்று ஒரே ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க வேண்டும் என்று எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. இப்போது உள்ளே இருப்பவர் அனுமதி கேட்டுக்கொண்டு உட்காருகிறார்.

அக்கா

—

ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

வீடு போய்விட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், கடைசி வரை உன்னை இழுத்தடிக்க வேண்டாம்.

பேங்க்குக்குக் கையெழுத்துப் போடப் போனேன். அந்தப் பெண் காகிதங்களை அடுக்கி, எங்கெங்கே போட வேண்டும் என்று பென்சிலில் குறியெல்லாம் போட்டு வைத்திருந்தாள். பேனாவை மூடி கழற்றி என் கையில் கொடுத்தாள். நான், "மேடம், சார்ந்திருப்போர் ஒண்ணுன்னு எழுதியிருக்கேன். அது ரெண்டு" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "அப்பா என்கூடத்தான் இருக்கார். இனிமேலும் என்கூடத்தான் இருப்பார். மாத்திப் போடுங்க" என்றேன். அவள் குரலைத் தாழ்த்தி, "இதெல்லாம் இப்ப சொல்லணுமா மேடம்? எல்லாரும் வந்து குறைச்சுப் போடச் சொல்லித்தான் கேட்பாங்க. கூட்டிப் போடச் சொல்லி யாரும் கேட்டதில்லை" என்றாள். நல்ல பெண். எனக்காகத்தான் சொன்னாள்.

திரும்பக் கணக்குப் போட்டாள். பதினெட்டு லட்சத்துக்குள்தான் தர முடியும் என்று வந்தது. இரண்டேகால் லட்சம் குறைகிறது. வீட்டுக்கார அம்மாவிடம் போய்க் கொஞ்சம் டைம் கேட்டேன். அவள் கெட்டவள் இல்லை. ஆனால் முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு வேறு ஒருவர் தினமும் போன் பண்ணிக்கொண்டிருக்கிறார். ஒரு வாரம் பார்த்தாள். கமிஷன் பாக்கியையெல்லாம் கேட்டுப் பார்த்தேன், டிரைவிங் ஸ்கூல் முதலாளியிடம் முன்பணம் கேட்டுப் பார்த்தேன். உன்னிடம் கேட்கவில்லை. உன் எட்டு லட்சம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும், பெரியவனுக்கு அந்த வெயில் வேண்டும். திங்கட்கிழமை அவள் அந்த ஆளிடம் அட்வான்ஸ் வாங்கிவிட்டாள். ஜூன் முடிவதற்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும்.

அப்பாவிடம் அன்று மாலைதான் சொன்னேன். அதுவரை அவருக்கு எதுவும் தெரியாது. லோன் கிடைத்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து கேட்டார். நான் சொல்லி முடித்ததும் எழுந்தார்.

"யாரைக் கேட்டுடி இதைச் செஞ்ச?"

'டி' போட்டு என்னை அழைத்து எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

"அறிவிருக்கா உனக்கு? கைக்கு வந்ததை யாராவது இப்படிப் போட்டு உடைப்பாங்களா? ரெண்டேகால் லட்சம். நான் ஒருத்தன் அவ்வளவு பெறுவேனா? இன்னும் எத்தனை வருஷம் இருக்கப்போறேன் நான், அதுக்கு பாப்பாவோட வீட்டைத் தொலைச்சுட்டு வந்து நிக்கறியே. உங்கம்மா இருந்திருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பா."

பாப்பா குறுக்கே வந்து, "தாத்தா, அம்மாவைத் திட்டாதீங்க" என்றாள். "நீ போடி உள்ள. பெரியவங்க பேசற இடத்துல உனக்கென்ன வேலை" என்று அவளுக்கும் விழுந்தது. கீழே வீட்டுக்கார அம்மா வாசலுக்கு வந்து நின்று கேட்டாள், எனக்கு மேலிருந்து தெரிந்தது. அப்பா நிறுத்தவில்லை. நான் பத்தாவது படிக்கும்போது கணக்கில் வாங்கிய மார்க் வரைக்கும் போனார். அப்புறம், "எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டார். அது என்னுடைய கட்டில் இருக்கும் அறை.

நானும் பாப்பாவும் ஹாலில் படுத்தோம். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காகத்தான் அழுதேன், பொய் சொல்லவில்லை. அந்த வீட்டை நான் அவ்வளவு விரும்பினேன். ஆனால் அழுதுகொண்டே இருக்கும்போது, உள்ளேயிருந்து அவர் இன்னும் தனக்குத்தானே என்னைத் திட்டிக்கொண்டிருப்பது கேட்டது, தூக்கமும் வந்துவிட்டது.

இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் இன்று காலையில் பேப்பரில் வாடகை விளம்பரம் பார்த்து இரண்டைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போய்ப் பார்க்கிறோம்.

அக்கா

—

மே 6

அன்புள்ள அக்காவுக்கு,

எங்களுடையது போன வாரம் பதிவாகிவிட்டது. குடி வந்துவிட்டோம். பெரியவன் நான்கு நாளாக இழுக்காமல் தூங்குகிறான். இதை உன்னிடம் சொல்ல எனக்கு வாய் கூசுகிறது. ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நிஜம். நான் எதையும் திருப்பிப் போட முடியாது. போடவும் மாட்டேன்.

உன் கடிதம் வந்ததிலிருந்து அப்பா திட்டிய அந்தப் பகுதியை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். இவள்கூடக் கேட்டாள், அதில் அப்படி என்ன இருக்கிறது என்று.

நேற்று அப்பாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பேங்க்கில் நீங்கள் என்னிடம் இல்லை என்று சொன்னேன், நீங்கள் கிளம்புகிறேன் என்றபோது நான் தடுக்கவில்லை, டிக்கெட்டும் நானேதான் போட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். "அதனால என்னப்பா. நீ செஞ்சது சரிதான். பையனுக்கு உடம்பு நல்லா இருந்தா போதும்" என்றார். நான் விடவில்லை. பின்பக்க அறை சும்மாதான் கிடக்கிறது, வந்து இருங்கள் என்றேன். "கண்டிப்பா ஒரு நாள் வந்து பார்க்கறேன்" என்றார். கோபம் இருக்கிறதா என்று அவர் குரலில் தேடிப் பார்த்தேன் அக்கா. துளிகூட இல்லை.

என்ன பேசுவது என்று தெரியாமல், பாத்ரூமில் ஒரு பைப் கசிகிறது என்று சொன்னேன். நிஜமாகவே கசிகிறது. இத்தனை வருடத்தில் எங்கே கசிந்தாலும், எந்த இடத்தில், எவ்வளவு, எவன் போட்டது என்று கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து நிற்பவர் அவர். "அப்படியா? நல்ல பிளம்பரா பார்த்துக் கூப்பிடுப்பா" என்றார்.

சரிப்பா என்று சொல்லி வைத்துவிட்டேன். இவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள். மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். நம்மையெல்லாம் ரொம்ப விசாரித்தார் என்றேன்.

தம்பி